ஆபீஸ் கிடைத்த பையன்

சூலூர்ப் பக்கம் எங்கள் பங்காளி வீட்டுப் பையன் ஒருவன், பெங்களூர் கேம் ஸ்டூடியோ ஒன்றுக்குக் கொரோனா காலத்திலிருந்து வீட்டிலேயே உட்கார்ந்து கேரக்டர் மாடலிங் செய்துகொண்டிருந்தான். இனி வாரம் ஐந்து நாளும் நேரில் வந்தாக வேண்டும் என்று போன மாதம் கம்பெனியிலிருந்து மெயில் வந்துவிட்டது. சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அதற்கு வாழ்த்து குவிகிறது! "ஒருவழியா பையனுக்கு ஆபீஸ் கெடச்சிருச்சு" என்று அவன் பெரியம்மா எழுத, வரிசையாகக் கைகூப்பு. இனி தைரியமாக ஜாதகத்தை வெளியே எடுக்கலாமாம். மான்ட்ரியலில் உட்கார்ந்து இதைப் படித்த எனக்கு வயிறு எரிந்தது.

ஏனென்றால் நானும் இருக்கும் இந்த கேம் தொழிலில் இதே மெயிலுக்கு ஆட்கள் தெருவில் இறங்கியிருக்கிறார்கள். வாரத்தில் மூன்று நாள் வா என்று யூபிசாஃப்ட் சொன்னதற்கு, 2024 அக்டோபரில் பிரான்சில் அதன் ஊழியர்கள் மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நம் ஊரிலோ வீட்டில் இருந்து சம்பாதிப்பவன் வேலையில்லாதவன். வேலை நாளில் வீடியோ காலில் என் பின்னால் கட்டிலைப் பார்த்துவிட்டு மாமா கேட்டார்: "ஏங்கண்ணு, நிறுத்திப்போட்டாங்களா?" கேம் கம்பெனி என்றால் அவருக்கு ரம்மிதான். 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் வந்தபோது, "உன்ற கம்பெனிக்கு ஒண்ணுமில்லையே?" என்று செய்தியை அனுப்பிவைத்தார்.

ஆபீசுக்குக் கூப்பிடுகிறவர்கள் சொல்லும் காரணங்களைக் கேட்டால் சிரிப்பு வரும். ராக்ஸ்டார் 2024 ஏப்ரலிலிருந்து ஐந்து நாளும் வரச் சொன்னது. உற்பத்தித்திறன் ஒரு காரணம், ரகசியம் இன்னொன்று. 2022 செப்டம்பரில் அவர்களுடைய அடுத்த ஜிடிஏ விளையாட்டின் 90 வீடியோத் துண்டுகள் வெளியே கசிந்தது உண்மைதான். கசியவிட்டது யார்? வீட்டில் இருந்து வேலை செய்த ஊழியர் யாரும் இல்லை. போலீஸ் ஒரு மலிவு ஹோட்டலில் தங்கவைத்திருந்த பதின்வயதுப் பையன், அறை டிவியையும் ஃபயர் ஸ்டிக்கையும் ஒரு மொபைலையும் வைத்துக்கொண்டு செய்த வேலை அது என்று லண்டன் நீதிமன்றத்தில் சொன்னார்கள். அதற்கு மாடலிங் செய்கிறவன் பி.ஜி. வாடகை கட்ட வேண்டுமாம்.

என் கதை வேறு. அப்பாவுக்கு உடம்பு முடியாதபோது மூன்று மாதம் சூலூரில் இருந்து வேலை செய்கிறேன் என்று என் கம்பெனியில் கேட்டேன். முடியாது என்றார்கள். ரகசியம், பண்பாடு என்றெல்லாம் சுற்றி வளைக்கவில்லை, கணக்கைச் சொன்னார்கள். க்யூபெக்கில் செய்யும் வேலைக்குத்தான் மாகாண அரசு சம்பளத்தில் 37.5 சதவீதம் வரை வரிச்சலுகையாகத் திருப்பித் தந்துவந்தது. எல்லை தாண்டி நான் தட்டும் ஒவ்வொரு விசைக்கும் அந்தக் காசு போய்விடும். 1997இல் யூபிசாஃப்டை மான்ட்ரியலுக்கு இழுத்து வந்ததே அரசுப் பணம்தான். 2024 பட்ஜெட்டில் இந்தச் சலுகையை அரசு குறைத்தபோது பத்திரிகைகளில் பகிரங்கமாகச் சண்டை நடந்தது. இந்த நாட்டில் எனக்குப் பிடித்தது இதுதான்: எந்த நாற்காலிக்கு யார் காசு தருகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்.

அதே 1997இல்தான் பெங்களூரில் துருவா இன்டராக்டிவ் தொடங்கியது. அங்கே சம்பளத்தில் பங்கு தர எந்த அரசும் இல்லை. வெளிநாட்டு ஸ்டூடியோக்களுக்குக் கார் செய்து கொடுத்து, கேரக்டர் செய்து கொடுத்து, ஜாப் ஒர்க்கிலேயே வளர்ந்தது. 2019இல் ராக்ஸ்டார் வாங்கிக்கொண்டது. கோயம்புத்தூருக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் கட்டடம்தான் முதலில் வருகிறது. விளாங்குறிச்சியில் 2010இலேயே டைடல் பார்க் வந்தது, 2024இல் பக்கத்தில் இன்னொரு கட்டடமும் வந்தது. அவிநாசி சாலையில் பத்து கிலோமீட்டர் மேம்பாலமும் வந்துவிட்டது. பையன்கள் அதில் ஏறி வேகமாகப் பெங்களூர் பஸ்ஸைப் பிடிக்கிறார்கள்.

வீட்டிலேயே தொழில் செய்வது கொங்கு நாட்டுக்குப் புதிதா என்ன? சோமனூர், பல்லடம், மங்கலம் பக்கம் எந்தத் தெருவுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். வீட்டை ஒட்டித் தறிக்குடோன். ஜவுளி உற்பத்தியாளர் பாவும் ஊடை நூலும் கொடுப்பார், இவர்கள் நெய்து துணியாகத் திருப்பிக் கொடுப்பார்கள், மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. தறி இவர்களுடையது, கரண்ட் பில்லும் இவர்களுடையது. என் அம்மாயி வீட்டில் தறிச் சத்தத்தில்தான் எல்லாரும் தூங்குவோம்; கரண்ட் போய் தறி நின்றால் அப்புச்சி திடுக்கென்று எழுந்து உட்கார்ந்துகொள்வார். பாவு தீர்ந்தால் பிணைக்கிறவர் வந்து, விரலில் பொடி தொட்டுக்கொண்டு, பழைய இழையையும் புது இழையையும் ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்ப்பார். ஆயிரக்கணக்கான இழை, ஒன்றைக்கூட மாற்றிச் சேர்க்க மாட்டார். வீட்டில் இருந்தால் வேலையில் கவனம் இருக்காது என்று பேசும் மேனேஜர்களை அவர் பக்கத்தில் ஒரு மத்தியானம் உட்காரவைக்க வேண்டும்.

தறிக்குடோனைச் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. கூலி ஒப்பந்தம் போட்டும் உற்பத்தியாளர்கள் தராமல் இழுத்ததால் 2022 ஜனவரியில் ஸ்டிரைக். 2025 மார்ச்சில் மறுபடி ஸ்டிரைக். கோவை, திருப்பூர் மாவட்டங்களில் லட்சத்துக்கும் மேல் தறிகள் ஒரு மாதம் நின்றன, சோமனூரில் உண்ணாவிரதம் இருந்தார்கள், கடைசியில் கூலி உயர்ந்தது. தெருத் தெருவாகச் சிதறிக்கிடந்த குடோன்காரர்களுக்குச் சங்கம் இருந்தது, அமைச்சரையும் கலெக்டரையும் பேச்சுவார்த்தைக்கு உட்காரவைக்க முடிந்தது. இங்கே மான்ட்ரியலில் பெதஸ்டா கேம் ஸ்டூடியோ ஊழியர்கள் 2024இல்தான் சங்கம் சேர்ந்தார்கள். அந்த விஷயத்தில் சோமனூர் எங்களுக்கு எவ்வளவோ சீனியர்.

பையனைக் கூப்பிட்டுப் பேசினேன். பெல்லந்தூரில் பி.ஜி. பார்த்துவிட்டானாம், வாடகையும் சாப்பாடும் போக முன்பு மிச்சம் பிடித்ததில் பாதிகூட நிற்காது. உன்னோடு அதே வேலை செய்கிறவனுக்கு என்ன சம்பளம் என்று கேட்டேன். தெரியாதாம், சம்பளத்தைப் பற்றிப் பேசமாட்டோம் என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்களாம். சோமனூர் டீக்கடையில் யாரைக் கேட்டாலும் மீட்டருக்கு என்ன கூலி என்று சொல்வார்களேப்பா என்றேன். பெங்களூர் போனதும் நாலு பேரிடம் விசாரி என்றேன்.

"வேலை போயிருமுங்க சித்தப்பா" என்றான்.