கம்பியில் குத்தி வைத்த பில்

கோவை கணபதியில் எனக்கு ஒரு பட்டறை இருக்கிறது. மூன்று லேத், ஒரு சி.என்.சி., ஏழு ஆட்கள். மோட்டார் பம்புகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிறோம். 2011-இல் ஒரே ஒரு பழைய லேத்துடன் தொடங்கியது.

சிறுதொழில்காரனுக்கு நாதியில்லை என்று பல வருடம் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். டீக்கடையில் சொன்னேன், கல்யாண வீட்டில் சொன்னேன், மகனிடம்கூடச் சொன்னேன். அது உண்மையில்லை. உதவி இருந்தது, நான் தேடிப் போகவில்லை. இது என் முதல் தப்பு. பிறகு அந்த உதவி என்னவென்று தெரிந்துகொண்டேன். தெரிந்த பின், என்னைவிடச் சிறியவர் ஒருவருக்கு அது தெரியாமல் இருப்பதே எனக்கு லாபம் என்று வாயை மூடிக்கொண்டேன். இது இரண்டாவது தப்பு. இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் முதலாவதைச் சொல்லாமல் இரண்டாவதன் கனம் புரியாது.

2013-இல் பழைய சி.என்.சி. மெஷின் ஒன்று விலைக்கு வந்தது. 8 லட்சம் ரூபாய் வேண்டும். கணக்கு வைத்திருந்த வங்கிக்குப் போனேன். "சொத்துப் பத்திரம் ஏதாவது இருக்குங்களா?" என்று கேட்டார்கள். அப்பாவின் வீடு பாகம் பிரியாமல் கிடந்தது. "இல்லைங்க" என்று எழுந்து வந்துவிட்டேன். அந்த வாரமே ஒரு ஃபைனான்ஸ்காரரிடம் நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்கினேன். மாதம் 24,000 ரூபாய் வட்டி. நான்கு வருடத்தில் வட்டி மட்டும் 11,52,000 ரூபாய் கட்டினேன். அசலை அடைக்க மனைவியின் நகை போனது.

குறு, சிறு தொழில்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரை கொடுக்கும் கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010-லேயே வங்கிகளுக்கு உத்தரவு போட்டிருந்தது. பிணை இல்லாமல் கொடுத்த கடன் வராமல் போனால் வங்கிக்கு ஈடு கொடுக்க, மத்திய அரசும் சிறுதொழில் வளர்ச்சி வங்கியான சிட்பியும் சேர்ந்து 2000-ஆம் ஆண்டிலேயே ஒரு உத்தரவாத நிதியத்தை ஏற்படுத்தியிருந்தன. வங்கியில் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. அது அவர்கள் குறை. இன்னொரு வங்கியின் படியை நான் ஏறவில்லை. மாவட்டத் தொழில் மையத்தில் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இது என் குறை. அரசாங்க அலுவலகம் என்றால் அலையவிடுவார்கள், கையூட்டுக் கேட்பார்கள் என்று அந்த வாசலை ஒருநாள்கூட மிதிக்காமலே தீர்ப்புச் சொன்னவன் நான். குறுந்தொழில்களுக்கு முதல் 36 மாதம் மின்கட்டணத்தில் 20 சதவீத மானியம் கிடைக்கும் என்பது எனக்குத் தெரியவந்தபோது, என் பட்டறைக்கு ஐந்து வயது முடிந்திருந்தது.

அடுத்தது பாக்கி. 2021 செப்டம்பரிலிருந்து 2022 பிப்ரவரி வரை ஒரு பம்ப் கம்பெனிக்கு ஷாஃப்ட் போட்டேன். 6,80,000 ரூபாய் நின்றுபோனது. போன் செய்தால் கணக்குப் பிரிவில் ஒரே பதில்: "பேமென்ட் ப்ராசஸ்ல இருக்குங்க." சனிக்கிழமைதான் எங்கள் பக்கம் சம்பள நாள். வெள்ளிக்கிழமை ராத்திரி எனக்குத் தூக்கம் வராது. ஆட்களுக்குப் பாதிச் சம்பளம் கொடுத்து, மீதியைத் திங்கட்கிழமை தருகிறேன் என்று தலைகுனிந்த வாரங்கள் உண்டு.

அப்போதுதான் ஆடிட்டரிடம் போனேன். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தை அவர் விளக்கினார். சரக்கை ஏற்றுக்கொண்டவர், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன தேதிக்குள் பணம் தர வேண்டும். அந்தத் தேதியும் 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால், ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. அந்த விகிதம் 6.75 சதவீதமாக இருந்த 2024-இல் இது வருடத்துக்கு 20.25 சதவீதம். தராதவர்மீது அரசின் இணையதளத்தில் மனுப் போட்டால் அது வசதியாக்கல் மன்றத்துக்குப் போகும். மன்றம் சொன்ன தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் கோர்ட்டுக்குப் போக வேண்டுமானால், தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டிவிட்டுத்தான் போக முடியும்.

கேட்கக் கேட்க எனக்கு உடம்பு சிலிர்த்தது. "இன்னைக்கே போட்டுருலாங்க" என்றேன். "உதயம் பதிவு எப்ப எடுத்தீங்க?" என்று கேட்டார். குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அந்த அரசுப் பதிவை நான் எடுக்கவே இல்லை. அதற்கு முன்பிருந்த உத்யோக் ஆதாரும் எடுத்ததில்லை. சரக்குக் கொடுத்த பிறகு பதிவு செய்துவிட்டு, பழைய பில்லுக்கு இந்தச் சட்டத்தின் பலனைக் கேட்க முடியாது என்று 2021-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்ததை அவர் எடுத்துச் சொன்னார். 2022 ஆகஸ்டில் உதயம் எடுத்தேன். 6,80,000 ரூபாய்க்கு அது உதவவில்லை. அந்தப் பணம் பத்தொன்பது மாதம் கழித்து, ரிஜெக்‌ஷன் என்று 40,000 ரூபாய் பிடித்துக்கொண்டு, வட்டியில்லாமல் வந்தது.

இவ்வளவு பட்டவன் அடுத்தவன் வலியை அறிந்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன்.

ஷாஃப்ட் கடைந்தால் மட்டும் போதாது. இம்பெல்லர் வழுக்காமல் உட்கார, அதில் நீளவாக்கில் ஒரு பள்ளம் வெட்ட வேண்டும். கீ-வே என்போம். என்னிடம் மில்லிங் மெஷின் கிடையாது. ஆவாரம்பாளையத்தில் ஒரு அண்ணன் வெட்டிக் கொடுப்பார். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை, இரண்டு மில்லிங் மெஷின், அவரும் ஒரு பையனும். கணக்கு வழக்கையும் டெலிவரி சலானையும் அவர் வீட்டுக்கார அக்கா எழுதுவார். பள்ளத்தின் அகலம் ஒரு நூலிழைகூடப் பிசகாது. பத்து வருடத்தில் அவர் வேலை திரும்பி வந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

என் மேசையில் பில் குத்தும் கம்பி ஒன்று உண்டு. மரக்கட்டையில் நிற்கும் கூர்க்கம்பி. வரும் பில்லையெல்லாம் அதில் குத்தி வைப்பேன். 2023 ஆகஸ்டிலிருந்து அவர் பில்கள் அதில் சேர ஆரம்பித்தன. சனிக்கிழமை சாயங்காலம் வண்டியை வெளியில் நிறுத்திவிட்டு வந்து ஸ்டூலில் உட்காருவார். பணம் என்று வாய்திறந்து கேட்க மாட்டார். என் ஆட்கள் ஒவ்வொருவராகக் கவர் வாங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். கடைசி ஆளும் போனபின், "நம்மளுது ஏதாவது பாத்தீங்களா?" என்பார். அவர் கண் ஒரு நிமிடம் அந்தக் கம்பிக்குப் போய்வரும். "ப்ராசஸ்ல இருக்குங்கண்ணா, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்பேன். ஏழு பேர் வேலை செய்யும் பட்டறையில் ப்ராசஸ் ஏது? பணம் என் பையில் இருக்கும், இல்லாவிட்டால் இருக்காது. அவ்வளவுதான். என்னைத் தூங்கவிடாத அந்த வார்த்தையை எடுத்து அவர்மேல் போட்டேன்.

அப்போது என்னிடம் பணம் இல்லாமலும் இல்லை. அந்த மாதங்களில்தான் ஒரு காருக்கு முன்பணம் கட்டினேன். அவருக்குக் கொடுக்க வேண்டியது 94,000 ரூபாய். கேட்க மாட்டார் என்பதால் கடைசியில் வைத்தேன்.

2024 பிப்ரவரியில் ஆடிட்டரிடமிருந்து போன் வந்தது. வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற பிரிவைப் புதிதாகச் சேர்த்திருந்தார்கள். குறு, சிறு தொழில் செய்பவருக்கு 15 நாள் அல்லது 45 நாள் கெடுவுக்குள் பணம் தராமல் மார்ச் 31-ஐத் தாண்டினால், அந்தத் தொகையை அந்த வருடச் செலவில் காட்ட முடியாது. வரி கட்ட வேண்டும். "உங்களுக்கு வேலை செய்யறவங்கள்ல யார் யார்கிட்ட உதயம் இருக்கு? பட்டியல் கொடுங்க" என்றார். கீ-வே அண்ணனைக் கேட்டேன். "அப்படின்னா என்னங்க?" என்றார்.

அந்த நொடியில் என் மனதுக்குள் ஓடியதை எழுதக் கை கூசுகிறது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்பாடா, இவர் பட்டியலில் வரமாட்டார், இவர் பணத்தை இன்னும் கொஞ்சம் தள்ளலாம் என்று தோன்றியது. "ஒண்ணுமில்லீங்கண்ணா, ஆடிட்டர் சும்மா கேட்டாரு" என்று போனை வைத்தேன். தொழிற்பேட்டையில் அந்த மாதமே உதயம் பதிவு முகாம் நடந்தது. நோட்டீஸ் என் மேசையில்தான் கிடந்தது. அவருக்குச் சொல்லவில்லை. ஒரு பதிவு இல்லாமல் 6,80,000 ரூபாய்க்கு நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

ஜூன் மாதம் ஒரு காலை, டாடா ஏஸ் ஒன்றில் மில்லிங் மெஷின் ஒன்றைக் கயிறு கட்டி ஏற்றிப் போவதைப் பார்த்தேன். பச்சை பெயின்ட், கைப்பிடியில் சுற்றிய சைக்கிள் டியூப். அவருடைய மெஷின். வண்டியைத் திருப்பிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கொட்டகையில் ஒரு மெஷின் நின்றது. பக்கத்தில் தரையில் எண்ணெய்க் கறையும் நான்கு போல்ட் குழியும். "பாப்பாவுக்குக் காலேஜ் பீஸ் கட்டணும்ங்க, அதான்" என்றார். என்னைக் குறை சொல்லி ஒரு சொல் வரவில்லை. அக்கா மட்டும் சலான் புத்தகத்தை எடுத்து, தேதி போட்டு அடிக்கோடிட்ட பக்கங்களை என் முன்னால் விரித்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அந்தப் பக்கங்களை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அன்று சாயங்காலமே 94,000 ரூபாயையும் கொடுத்தேன். சட்டப்படி வட்டி எவ்வளவு என்று கணக்குப் போட்டு எடுத்துப் போனதை அவர் வாங்கவில்லை. "வட்டி வேண்டாங்க. அடுத்த பில்லைத் தேதிக்குக் கொடுங்க, போதும்" என்றார். பணத்தைத் திருப்பித் தந்துவிட்டேன். அந்த மெஷினை என்னால் திருப்பித் தர முடியவில்லை.

மறுநாள் என் போனிலேயே அவருக்கு உதயம் பதிவு செய்தேன். ஆதார் எண், பான் எண், வங்கிக் கணக்கு, ஓ.டி.பி. கட்டணம் கிடையாது, எந்த ஆவணத்தையும் ஏற்ற வேண்டியதில்லை. கால் மணி நேரம் ஆனது. இந்தக் கால் மணி நேரத்தைத்தான் நான் எனக்காகப் பல வருடம் செலவழிக்கவில்லை. அவருக்காகச் செலவழிக்க மனமில்லாமல் ஒரு மெஷினை விற்கவைத்தேன்.

இப்போது அவர் பில்லை நான் கம்பியில் குத்துவதில்லை. சட்டம் சொன்ன பதினைந்து நாளுக்குள், சனிக்கிழமை என் ஆட்களுக்கு முன்னால் அவருக்குத்தான் முதல் கவர். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. கொடுக்க வேண்டியதைக் கொடுக்கிறேன், அவ்வளவுதான்.

பட்டறை வைத்திருக்கும் அண்ணன் தம்பிகளுக்கும், வீட்டில் தையல் மெஷின் போட்டிருக்கும் அக்கா தங்கைகளுக்கும் சொல்ல எனக்கு இருப்பது இவ்வளவுதான். முதல் சரக்குப் போவதற்கு முன் உதயம் எடுத்துவிடுங்கள். பில்லிலேயே அந்த எண்ணை அச்சிடுங்கள். சரக்கு ஏற்றுக்கொண்ட தேதியோடு சலானில் கையெழுத்து வாங்குங்கள். வங்கியில் கடன் இல்லையென்று சொன்னால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பிணையில்லாக் கடன் என்ற வார்த்தையைச் சொல்லியே கேளுங்கள். புதிதாகத் தொழில் தொடங்கும் பிள்ளைகளுக்கு மாநில அரசின் யு.ஒய்.இ.ஜி.பி., நீட்ஸ் திட்டங்களில் 25 சதவீத மானியம் உண்டு. மாவட்டத் தொழில் மையத்துக்கு நேரில் போங்கள். அலைச்சல் இருக்கலாம். நான் கட்டிய வட்டியைவிட அது மலிவு.

இன்னொன்று. உங்களுக்கு வரவேண்டிய பாக்கியை நினைக்கும்போதெல்லாம், நீங்கள் தரவேண்டிய பாக்கியையும் ஒருதரம் எடுத்துப் பாருங்கள். உங்களைவிடச் சிறியவர் ஒருவர் உங்கள் ஸ்டூலில் வந்து, கேட்கத் தயங்கி உட்கார்ந்திருப்பார். அவர் பணத்தை அவருக்குக் கொடுங்கள். அவருக்குத் தெரியாத சட்டம் உங்களுக்குத் தெரிந்திருந்தால், அதையும் சொல்லிக் கொடுங்கள்.