காற்றைத் தள்ளிய கணக்கு

பள்ளிக்கூடத்துப் பௌதிகப் புத்தகங்களில் ஒரு சின்ன வரி உண்டு. காற்றின் தடையைப் புறக்கணிக்கவும் என்று அது சொல்லும். கல்யாணப் பத்திரிகையின் அடியில் 'அன்பளிப்புகளைத் தவிர்க்கவும்' என்று போடுகிறார்களே, அந்த மாதிரி ஓர் அடக்கமான வரி. ஒரே ஒரு வித்தியாசம். கல்யாணத்தில் அந்த வரியை யாரும் மதிப்பதில்லை. வகுப்பில் எல்லாரும் மதிக்கிறார்கள். மாணவன் ஒரு பந்தை எறிகிறான், அது ஆகாயத்தில் அழகாக வளைந்து விழுகிறது, சூத்திரம் தூரத்தைச் சொல்கிறது. நடுவில் இருந்த காற்றைப் பற்றிப் பேச்சே இல்லை.

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இந்த விஷயத்தில் என்ன அக்கறை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எனக்கு அக்கறை வரக் காரணம் என் தம்பியின் பேத்தி. ஓமலூரில் பதினோராம் வகுப்புப் படிக்கிறாள். கிழக்கே பார்த்தால் சேர்வராயன் மலை தெரியும் தெரு. வீட்டை ஒட்டிய கொட்டகையில் நாலு விசைத்தறி ஓடுகிறது. தறிச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்ததால் அந்தப் பெண் எதையும் கொஞ்சம் உரக்கத்தான் சொல்லுவாள். மாலையில் புத்தகப் பையை எறிந்துவிட்டு, ஊருக்கு வெளியே வறண்டு கிடக்கும் ஏரிக்குள் இறங்கிப் பையன்களுக்குச் சமமாகக் கிரிக்கெட் ஆடுவாள். எல்லைக் கோட்டருகே நின்று உயரப் பந்துகளைப் பிடிப்பது அவள் வேலை.

வகுப்புப் பரீட்சை ஒன்றில் ஒரு கேள்வி. விநாடிக்கு 30 மீட்டர் வேகத்தில், 45 பாகைக் கோணத்தில் எறியப்பட்ட பந்து எவ்வளவு தூரம் போகும்? அவள் சூத்திரத்தைப் போட்டு, 92 மீட்டர் என்று சரியாகவே எழுதியிருந்தாள். அதோடு நிறுத்தவில்லை. 'எங்கள் ஏரியில் இதில் பாதிகூடப் போகாது' என்று கீழே ஒரு வரி. அந்த வரி மட்டும் சிவப்பு மையில் அடிபட்டு வந்தது. மதிப்பெண் குறையவில்லை. அடித்ததுதான் அவளை உறுத்தியது.

"பந்து எதுன்னே கேக்கலையே, பெரிய தாத்தா? கார்க் பந்தும் டென்னிஸ் பந்தும் ஒரே தூரம் போகும்னு எழுதினா மார்க்கு. ஏரியில எட்டு வயசுப் பையன்கிட்டச் சொன்னாக்கூடச் சிரிப்பானுங்க."

விஷயம் இதோடு நின்றிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அவள் பிரிவை மாற்றிக்கொண்டு வணிகவியலுக்குப் போகப்போவதாகச் சொன்னாள். அங்கே வரவு என்றால் வரவு, செலவு என்றால் செலவு. எதையும் புறக்கணிக்கச் சொல்லமாட்டார்கள் என்பது அவள் வாதம். அந்த வாரத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அவள் அப்பனோ, "அவ சொல்றதும் ஞாயமாத்தானே இருக்குதுங்க, பெரியப்பா?" என்று என்னைப் பார்த்தான். தறிக் கணக்குப் பார்க்க வீட்டிலேயே ஓர் ஆள் கிடைக்கும் என்ற ஆசை அவனுக்கு. பொய் சொல்கிற பாடம் என்று நினைத்து ஒரு பெண் ஒரு சாஸ்திரத்தை விட்டுப் போகிறாள் என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

புத்தகத்தின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது; அதை முதலில் சொல்லிவிட வேண்டும். 1638-ஆம் வருஷம் கலீலியோ தம்முடைய கடைசிப் பெரிய நூலை வெளியிட்டு, எறிந்த பொருளின் பாதை பரவளைவு என்று காட்டினாரே, அவருக்குக் காற்று இருப்பது தெரியாதா? நன்றாகத் தெரியும். அதை ஒதுக்கி வைத்தால்தான் உள்ளே இருக்கும் ஒழுங்கு கண்ணுக்குப் படும் என்று ஒதுக்கினார். நாவலாசிரியனும் அதைத்தான் செய்கிறான். கதாநாயகன் தினம் பல் துலக்குவதை எந்த அத்தியாயத்திலாவது எழுதுகிறோமா?

ஆனால் ஒதுக்கிய பொருள் சின்னது என்று எண்ணிக்கொள்வது வேறு சங்கதி. 1742-இல் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர் ஊசலாடும் கட்டையில் துப்பாக்கிக் குண்டுகளைச் சுட்டு, அவற்றின் வேகத்தை அளந்தார். விநாடிக்கு 1700 அடி வேகத்தில் கிளம்பும் குண்டு, வெற்றிடக் கணக்குப்படி 17 மைல் போக வேண்டும். உண்மையில் ஒரு மைல்கூடப் போகாது. பதினாறு மைலைத் தின்றுவிட்ட ஒன்றைப் 'புறக்கணிக்கத் தக்கது' என்பதற்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

பிறகு ஏன் புறக்கணித்தார்கள்? சூத்திரம் கிடைக்காததால்தான். வேகமாகப் போகிற பந்தைக் காற்று எவ்வளவு இழுக்கும் என்பது வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. காற்று ஒரு விசித்திரமான வட்டிக்கடைக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் இரண்டு மடங்கு இருப்பவனிடம் நாலு மடங்கு வாங்குவான். இருப்புக் குறையக் குறைய வட்டியும் குறையும். ஒவ்வொரு கணமும் வேகம் மாற, வேகத்தோடு தடையும் மாற, தடையோடு மறுபடி வேகமும் மாறிக்கொண்டிருந்தால், ஒரே வரியில் விடை எழுதுவது எப்படி? நியூட்டன் 1687-இல் தம் நூலின் இரண்டாம் பாகத்தில் இதோடு மல்லுக்கட்டினார். ராபின்ஸின் புத்தகத்தை ஜெர்மனில் மொழிபெயர்த்து விளக்கமும் எழுதிய ஆய்லர், 1753-இல் வேறு வழி பிடித்தார். பாதையைச் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, ஒரு துண்டின் முடிவிலிருந்து அடுத்த துண்டைக் கணக்கிடுவது. மேதைகளின் வழி என்பதைவிட மளிகைக் கடைக் குமாஸ்தாவின் வழி என்றே சொல்லலாம். முன் இருப்பு, இன்றைய செலவு, மீதி. மறுநாள் அந்த மீதியே முன் இருப்பு.

இந்த இடத்தில்தான் எனக்கு அவள் அப்பனின் கம்ப்யூட்டர் ஞாபகம் வந்தது. வாரக் கூலி, நூல் கடன், சேலை எண்ணிக்கை எல்லாவற்றையும் அவன் எக்செல் தாளில்தான் போட்டு வைத்திருக்கிறான். கட்டம் கட்டமாக விரியும் இந்தக் கணக்குத் தாள், 1979-இல் டான் பிரிக்லின், பாப் ஃபிராங்க்ஸ்டன் என்ற இருவர் 'விசிகால்க்' என்ற பெயரில் கொண்டுவந்ததன் வழிவந்தது. பிரிக்லின் அப்போது வியாபாரக் கல்வி பயின்ற மாணவர். ஆக, வணிகவியலுக்குப் போகத் துடித்த பெண்ணை வணிகவியலின் கருவியைக் கொண்டே இழுத்துப் பிடிக்கலாம் என்று தோன்றியது.

"கண்ணு, உங்கப்பா கூலிக் கணக்குப் போடற மாதிரியே பந்துக்கும் ஒரு பேரேடு போடு" என்றேன்.

அன்று ராத்திரி தறிகள் நின்ற பிறகு உட்கார்ந்தோம். முதல் பத்தியில் நேரம். அடுத்து முன்னோக்கிய வேகம், மேல்நோக்கிய வேகம், இரண்டும் சேர்ந்த மொத்த வேகம். அதற்கப்புறம் போன தூரம், ஏறிய உயரம். முதல் வரியில் இரண்டு வேகமும் 21.2. காற்றுக்கு ஓர் எண் வேண்டுமல்லவா? காற்றின் அடர்த்தி, பந்தின் குறுக்குப் பரப்பு, அதன் எடை, உருண்டைக்கென்று சோதனைகளில் கண்ட ஒரு வடிவ எண் இவற்றைக் கொண்டு அதை அவளே தேடிக் கணக்கிட்டாள். 160 கிராம் எடையுள்ள தோல் பந்துக்கு ஏறத்தாழ 0.0066 வந்தது. 58 கிராம் டென்னிஸ் பந்துக்கு 0.019. இந்த எண்ணை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் காற்று இழுக்கும் இழுப்பு வந்துவிடும்.

இரண்டாம் வரியை எழுதத்தான் யோசனை வேண்டும். பத்தில் ஒரு விநாடிக்கு முந்தின வரியின் வேகத்தில் போ. அந்த நேரத்துக்கு உண்டான ஈர்ப்பையும் காற்றையும் வேகத்தில் கழித்துக்கொள். அவ்வளவுதான். பிறகு அந்த வரியின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால், நாற்பது வரிகளும் தாமாக நிரம்பிவிடுகின்றன. உயரம் பூஜ்யத்துக்குக் கீழே போகிற வரியில் பந்து தரையில் விழுந்துவிட்டது என்று அர்த்தம்.

காற்றின் எண்ணைப் பூஜ்யமாக்கிப் பார்த்தபோது, பத்தில் ஒரு விநாடி என்ற முரட்டுத் தாவலினால் ஒன்றிரண்டு மீட்டர் கூடினாலும், புத்தகத்தின் விடைதான் வந்தது. தோல் பந்தின் எண்ணைப் போட்டதும் 65 மீட்டருக்குப் பக்கத்தில் சுருங்கியது. தாவலை நூறில் ஒரு விநாடியாக நறுக்கினாள். வரிகள் நானூறை நெருங்கின. விடை ஒரு மீட்டர் போல் இறங்கி 64-இல் நிலைத்தது. அதற்கு மேலும் நறுக்கினால் அசையவில்லை. இந்த 'அசையவில்லை' என்பதுதான் முக்கியம். அது அசைந்துகொண்டே இருந்தால் நாம் காற்றை அளக்கவில்லை, நம் கத்தியை அளக்கிறோம்.

பிறகு டென்னிஸ் பந்தின் எண். பந்து 43 மீட்டரில் விழுந்தது.

அவள் ஒன்றும் பேசவில்லை. பரீட்சைத் தாளை எடுத்து வந்து, அடிபட்ட வரியைத் திரையின் பக்கத்தில் வைத்தாள். 92-இல் பாதி 46.

படம் போட்டுப் பார்த்தபோது வளைவு சமமாகவும் இல்லை. ஏறுகையில் சாய்வாக ஏறி, உச்சியைப் பாதி வழிக்கு அப்பால் தொட்டு, இறங்குகையில் செங்குத்தாக இறங்கியது. உயரப் பந்து பிடிக்கிறவர்களுக்கு இது கால்களிலேயே தெரியும்; கடைசி நிமிஷத்தில் அவர்கள் முன்னால் ஓடிவருவது இதனால்தான். தோல் பந்தை அதிக தூரம் எறிய ஏற்ற கோணமும் 45 அல்ல, 42-க்குப் பக்கத்தில் என்று தாள் சொல்லிற்று.

இதே சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியிலிருந்து ஒருவர், இளமையில் டென்னிஸ் பந்தில் ஆடி, பிறகு தோல் பந்துக்கு வந்து, 2020 டிசம்பரில் கான்பெராவில் இந்தியாவுக்காகப் பந்து வீசினார். நடராஜனைத்தான் சொல்கிறேன். மட்டையாளரின் காலடியில் குத்தும் யார்க்கர் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. அவர் ஊர்ப் பக்கத்துப் பெண் யார்க்கரை விடுவாளா? 140 கிலோமீட்டர் வேகத்தில் கைவிட்ட பந்து மட்டையாளரிடம் சேரும்போது ஏறக்குறைய 125-ஆகக் குறைந்திருக்கும் என்று போட்டுக் காட்டினாள். அந்த வேகத்தில் காற்று பந்தை இழுப்பது ஏறத்தாழ பூமி இழுக்கும் அளவுக்கே இருக்கிறது. காற்று இல்லாவிட்டால் அதே பந்து ஒரு முழம் போலத் தள்ளித்தான் விழும். காலடியில் குத்த வேண்டியது மட்டையின் நடுவுக்கு வரும். அதன்பின் அது போகிற இடத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவையும் ஒரு ராத்திரியில் முடித்த பெண்ணுக்கு, இதே கணக்கை வாழ்க்கையாகக் கொண்ட வேறு பெண்களைப் பற்றிச் சொன்னேன். இரண்டாம் உலக யுத்தத்தின்போது அமெரிக்கப் பீரங்கிகளுக்குக் குண்டு விழும் அட்டவணைகள் தேவைப்பட்டன. பிலடெல்பியாவில் கணிதம் படித்த பெண்களை வேலைக்கு எடுத்தார்கள். அவர்கள் உத்தியோகத்தின் பெயரே 'கம்ப்யூட்டர்'. காற்றைச் சேர்த்து ஒரே ஒரு குண்டின் பாதையைத் துண்டு துண்டாகப் போட, மேசைக் கணக்குப் பொறியோடு இருபது மணி நேரத்துக்குக் குறையாமல் பிடிக்கும். அவர்களில் ஒருவர் கே மக்நல்டி. 1921-இல் அயர்லாந்தின் டொனகலில் பிறந்து, சிறு குழந்தையாக அமெரிக்கா வந்து இறங்கியபோது அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஐரிஷ் மட்டுமே பேசினார். ஆங்கிலத்துக்குப் பயந்து என் பேத்தி விட்ட பெருமூச்சுகள் எனக்குத் தெரியுமாகையால், இதை இரண்டு தரம் சொன்னேன்.

இந்த வேலையை விரைவாக்கவே எனியாக் என்ற பிரம்மாண்ட யந்திரத்தைக் கட்டினார்கள். அதற்குக் கணக்கை ஊட்டக் கற்றவர்கள் மக்நல்டியும் இன்னும் ஐந்து பெண்களும். 1946 பிப்ரவரியில் பெரிய மனிதர்கள் முன்னிலையில் காட்டியபோது, குண்டு பறந்து விழுகிற நேரத்தைவிடக் குறைந்த நேரத்தில் அதன் பாதையை யந்திரம் போட்டு முடித்தது. எல்லாரும் கை தட்டினார்கள். அன்றிரவு விருந்து நடந்தது. அந்தப் பெண்களை விருந்துக்கு அழைக்கவில்லை.

"அவங்களையும் புறக்கணிச்சுட்டாங்களாக்கும்" என்றாள்.

பிரிவு மாற்றும் கடிதம் எழுதப்படவில்லை. அப்பனுக்கு லேசான ஏமாற்றம். ஆனாலும் கூலிக் கணக்கில் அவன் வெகுநாளாகத் தேடிக்கொண்டிருந்த ஒரு பிசகை அவள் போகிற போக்கில் சரிசெய்து கொடுத்துவிட்டாள். அடுத்த பரீட்சையில் அந்த மாதிரிக் கேள்வி மறுபடி வந்தது. புத்தக விடையை எழுதி, கீழே ஒன்றும் எழுதாமல் வந்தாள். பரீட்சை என்பது ஒரு மாதிரி, ஏரி என்பது வேறு மாதிரி என்று தெரிந்துகொண்டவளுக்கு அது போதும் என்பது என் அபிப்பிராயம்.

தாள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. ஆடி மாதத்துக் காற்றுக்கென்று ஒரு பத்தி புதிதாகச் சேர்ந்திருக்கிறது. எதிர்க் காற்றில் எறிந்தால் என்ன, முதுகுக் காற்றில் எறிந்தால் என்ன என்று பார்க்கிறாள். பந்தின் சுழற்சியும் தையலும் காற்றில் செய்யும் வேலை மட்டும் இன்னும் அவள் கைக்கு வரவில்லை. போன வாரம் போயிருந்தபோது அதைப் பற்றிக் கேட்டேன்.

"அதை இப்போதைக்குப் புறக்கணிச்சிருக்கேனுங்க, பெரிய தாத்தா. எவ்வளவு பெரிசுன்னு தெரியாமத்தான் புறக்கணிச்சிருக்கேன்னு மேல முதல் கட்டத்துலயே எழுதி வெச்சிருக்கேன்" என்றாள்.

பார்த்தேன். சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தாள்.