செந்நீர் ஆற்றில் ஒரு தொகைமதிப்பு

தொகைமதிப்பு என்றதும் வீடு வீடாகப் படிவத்துடன் வரும் உத்தியோகத்தரே எங்கள் நினைவுக்கு வருவார். தட்டுவதற்குக் கதவில்லாத உயிர்களை எவ்வாறு எண்ணுவது? எண்களோடு நெடுங்காலம் மல்லுக்கட்டிய பத்திரிகையாளன் என்ற முறையில் இக்கேள்வி என்னை எப்போதும் ஈர்த்து வந்திருக்கிறது. அதற்கான விடையை, ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனாப் பாலைநிலத்தை ஊடறுத்தோடும் கொலராடோ ஆறு பற்றிய அறிக்கைகளிலே கண்டேன்.

கொலராடோ என்பது செந்நிறத்தைக் குறிக்கும் ஸ்பானியச் சொல். கோடையில் வெதுவெதுப்பாய், சேறு கலந்து சிவந்து பாய்ந்த அந்த ஆறு, 1963 இல் கிளென் கன்யன் அணைக்கட்டின் கதவுகள் மூடப்பட்ட பின்னர் தெளிந்த குளிர்நீராயிற்று. நீர்த்தேக்கத்தின் ஆழத்திலிருந்து வெளியேறிய நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ். அணைக்குக் கீழே, கிராண்ட் கன்யன் பள்ளத்தாக்கில் வாழ்ந்த எட்டுச் சுதேச மீனினங்களுட் சில அங்கிருந்து அடியோடு மறைந்தன. தப்பிப் பிழைத்தவற்றுள் ஒன்று, முதுகிலே திமில் கொண்ட 'ஹம்ப்பாக் சப்' என்னும் மீன். விஞ்ஞானம் அதற்குப் பெயர் சூட்டியதே 1946 இல்தான்.

அந்நாளில் சுதேச மீன்களுக்கிருந்த மதிப்பை அறிய ஒரு செய்தி போதும். 1962 செப்டெம்பரில், கொலராடோவின் கிளையாகிய கிரீன் ஆற்றில், துணையாறுகளும் சேர 700 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நீளத்துக்கு அரச திணைக்களங்களே நஞ்சு கலந்தன. பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடுவோருக்கு ட்ரவுட் மீன் வளர்ப்பதே நோக்கம். அன்று 'கழிவு மீன்' எனப்பட்டவற்றைத்தான் இன்று ஒவ்வொன்றாகத் தேடி எண்ணுகிறார்கள்.

சிறிய கொலராடோ என்னும் வெப்பமான துணையாறுதான் திமில் மீனின் பிரதான இனப்பெருக்கத் தலம். ஆய்வாளர்கள் ஹெலிகொப்டரிலே பள்ளத்தாக்கினுள் இறங்கி, வளையங்களிற் கட்டிய வலைக்கூடுகளை வைப்பார்கள். அகப்பட்ட மீனை அளந்து, அரிசிமணியிலும் சற்றே பெரிய இலத்திரனியல் அடையாளமொன்றை உடலினுள் செலுத்தி, மீண்டும் ஆற்றில் விடுவார்கள். மின்கலம் இல்லாத அந்த அடையாளம் மீனின் ஆயுள் முழுதும் தன் இலக்கத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும். பின்னர் கணக்கு எளிது. முதற்றடவை நூறு மீனுக்கு அடையாளமிட்டோம் என வைத்துக்கொள்ளுங்கள். மறுதடவை பிடித்த நூறில் பத்து மட்டுமே அடையாளமுள்ளவை என்றால், ஆற்றில் உள்ளவை சுமார் ஆயிரம். உண்மையில் பிறப்பு, இறப்பு, இடப்பெயர்வு எல்லாம் குறுக்கிடுவதால் கணக்கு இதைவிடச் சிக்கலானது. எங்கள் செய்தியாசிரியர்கள் விரும்பும் வகையில் ஒற்றை எண் ஒருபோதும் கிடைப்பதில்லை. இன்னதற்கும் இன்னதற்கும் இடையில் என்றே விடை வரும். ஆண்டுதோறும் ஒரே முறையில் எண்ணும்போதுதான் அதற்குப் பொருள் பிறக்கிறது.

அவ்வாறு எண்ணியதனாலேதான், 1989 இல் ஏறத்தாழ 11,000 ஆக இருந்த வளர்ந்த மீன்கள் 2001 இல் 5,000 அளவுக்குச் சரிந்தமை தெரியவந்தது. 2003 முதல் 2006 வரை, சிறிய கொலராடோ கலக்குமிடத்தருகே அந்நிய ட்ரவுட் மீன்களை ஆயிரக்கணக்கில் பிடித்து அகற்றினார்கள். தமது புனித நிலத்தில் உயிர்களைக் கொன்று குவிப்பதைப் பூர்வகுடிகளான சூனி மக்கள் எதிர்த்தனர்; அவர்களது எதிர்ப்பில் நியாயமிருந்தது என்றே நான் கருதுகிறேன். சப் மீன் மீளப் பெருகியது உண்மை. ஆனால் அதே ஆண்டுகளில் வரட்சியால் நீர்த்தேக்கம் தாழ்ந்து, ஆறும் சற்றே வெப்பமடைந்திருந்தது. பெருமை எதைச் சாரும் என்பதைப் பிரித்தறிய ஆய்வாளர்கள் இடர்ப்பட்டனர்.

2021 இல் இந்த மீன் 'அழியும் ஆபத்திலுள்ளது' என்ற பட்டியலிலிருந்து ஒரு படி தாழ்ந்த 'அச்சுறுத்தலுக்குள்ளானது' என்ற நிலைக்கு மாற்றப்பட்டது. மகிழ்ச்சி ஓராண்டுகூட நிலைக்கவில்லை. நீர்த்தேக்கம் மேலும் வற்றி, மேற்பரப்பின் வெப்பநீரோடு சிறுவாய் பாஸ் என்னும் கொன்றுண்ணி மீன்களும் அணையைக் கடந்தன. 2022 இல் அணைக்குக் கீழே அவற்றின் குஞ்சுகள் காணப்பட்டன. 2024 ஜூலையில், மின்பிறப்பாக்கிகளைத் தவிர்த்து அடிக்குழாய்களினூடாகக் குளிர்நீரைத் திறந்துவிட்டு அவற்றின் இனப்பெருக்கத்தைத் தடுக்க முயன்றார்கள். அவ்வழியே சென்ற நீருக்குரிய மின்சாரம் இழப்பாயிற்று. சுதேச மீன்களை அரை நூற்றாண்டாக வதைத்த அதே குளிரைத்தான், அவற்றின் காவலுக்கென விலைகொடுத்து வரவழைத்தார்கள்.