கதவில்லாத வீடு

அமெரிக்க நாட்டின் யூட்டா மாநிலத்துத் தென்கிழக்கு மூலையில் சிடார் மேசா என்னும் பீடபூமி உள்ளது. போர்த்துக்கீசியரிடமிருந்து நமக்கு வந்த ‘மேசை’ என்ற சொல்லும், ஸ்பானியர் இட்ட இந்த ‘மேசா’வும் ஒன்றே. மேற்பரப்பு தட்டையாயிருப்பதால் இப்பெயர். ஆயினும் அம்மேசையின் விளிம்பில் நின்று கீழே நோக்குவோர்க்குத் தலை சுற்றும். நீர் அறுத்த ஆழ்ந்த பள்ளத்தாக்குகளின் செங்குத்தான மணற்பாறைச் சுவர்களில், ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன் மக்கள் வீடு கட்டி வாழ்ந்தனர்.

நியூ மெக்சிகோ மாநிலத்துப் பங்கொன்றில் சில வாரங்கள் பணியாற்றச் சென்றிருந்தபோது, அப்பங்கின் பெரியவர் ஒருவர் என்னை அங்கு அழைத்துச் சென்றார். அவர் பியூப்லோ இனத்தவர். அவ்வீடுகளைக் கட்டியவர்கள் அவருடைய முன்னோர்.

அனுமதிச் சீட்டுப் பெற்று, வைகறையில் இறங்கத் தொடங்கினோம். பாதை என்று ஒன்றும் இல்லை. ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர். “பாதி தீர்ந்ததும், எங்கே நின்றாலும் திரும்பிவிட வேண்டும், சுவாமி” என்று பெரியவர் முன்னதாகவே விதித்திருந்தார். வெறும் பாறையிலும் ஓடை மணலிலும் மட்டுமே கால் வைக்கச் சொன்னார். அங்குள்ள மண்ணின்மேல் கரிய பொருக்கு ஒன்று படர்ந்துள்ளது. நுண்ணுயிர்களால் ஆன அப்பொருக்கே மண்ணைக் காற்று அள்ளிச் செல்லாமல் காக்கின்றது. ஒருமுறை மிதித்துவிட்டால் அது மீளப் பல பத்தாண்டுகள் ஆகுமாம்.

நண்பகல் நெருங்கியபோது, இரண்டடி அகலமே உள்ள பாறை விளிம்பொன்றில் சரளைக்கல் சறுக்கி விழுந்தேன். முழங்காலில் இரத்தம் கசிந்தது. கீழே பள்ளம். ஐம்பதைக் கடந்த எனக்கு இது தேவைதானா என்ற எண்ணம் எழுந்தது. பெரியவர் கடிந்துகொள்ளவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. என் நடுக்கம் தணியும்வரை அருகில் அமர்ந்திருந்தார். பின்பு தவழ்ந்தே அவ்விளிம்பைக் கடந்தேன்.

வளைவைத் தாண்டியதும் வீடு கண்ணுக்குப் புலப்பட்டது. பெரும் பாறைக் குடைவினுள் ஆறு சிறு அறைகள். தெற்கு நோக்கிய குடைவு அது. குளிர்காலத்தில் தாழ்ந்து செல்லும் கதிரவன் உள்ளே எட்டிப் பார்ப்பான். கோடையிலோ மேற்பாறை நிழல் தரும். கல்லிடையே பூசிய சேற்றில் விரல் தடங்கள் இன்றும் அழியாதிருந்தன. என் விரலை அருகில் கொண்டுசென்று பார்த்தேன். அவை அதனினும் சிறியவை. பெண்ணோ பிள்ளையோ பூசிய சுவர்! நம் அம்மியை ஒத்த அரைகல் ஒன்று குழிந்து கிடந்தது. அதனருகில் விரல் நீளமே உள்ள சோளக்கதிர்த் தண்டுகள்.

வண்ணக் கோடிட்ட மட்கல ஓட்டுச்சில் ஒன்றைக் கையில் எடுத்தேன். மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டலாமே என்ற ஆசை. “வீட்டுக்காரர்கள் வெளியே சென்றிருக்கிறார்கள், சுவாமி. பொருள் அவர்களுடையது” என்றார் பெரியவர். வெட்கத்துடன் எடுத்த இடத்திலேயே வைத்தேன். 1890-களில் இப்பள்ளத்தாக்குகளுக்கு வந்தவர்கள் கல்லறைகளையும் தோண்டி, இறந்தோரின் உடல்களைத் தொலைதூர அருங்காட்சியகங்களுக்கு அனுப்பினர். அவற்றைத் திருப்பியளிக்க வழிசெய்யும் சட்டம் 1990-இல்தான் வந்தது.

இம்மக்கள் அழிந்துபோயினர் என்று பலர் எழுதியுள்ளனர். அது தவறு. 1276 முதல் 1299 வரை கடும் வறட்சி நிலவியதை மரங்களின் ஆண்டு வளையங்கள் காட்டுகின்றன. வறட்சியும் பூசலும் நெருக்க, 1300-ஆம் ஆண்டளவில் அவர்கள் தெற்கே பெயர்ந்து சென்றனர். அவர்களின் வழித்தோன்றல்கள் ஹோப்பி, சூனி முதலிய பியூப்லோ ஊர்களில் இன்றும் வாழ்கின்றனர்.

அறைகளுக்கு முன்னே நிலத்தடியில் வட்டமான ‘கிவா’ இருந்தது. அது அவர்களின் வழிபாட்டுக் கூடம். பெரியவர் தொப்பியைக் கழற்றி, சட்டைப் பையிலிருந்து ஒரு சிட்டிகைச் சோளமாவை எடுத்துத் தூவி, தம் மொழியில் மெல்லச் செபித்தார்.

நான் அசையாது நின்றேன். 17-ஆம் நூற்றாண்டில் இத்தகைய கிவாக்களை இடித்தவர்களுள் நம் மறைபணியாளர்களும் உண்டு. 1680-இல் பியூப்லோ மக்கள் கிளர்ந்தெழுந்தபோது 21 பிரான்சிஸ்கன் துறவியர் கொல்லப்பட்டனர். குருமடத்தில் அவர்களைப் பற்றிப் படித்து மனம் கலங்கியிருக்கிறேன். இடிக்கப்பட்ட செபக் கூடங்களுக்காக ஒருநாளும் வருந்தியதில்லை. அன்று வருந்தினேன். என் தொப்பியையும் கழற்றினேன்.

தண்ணீர் பாதியாயிற்று, திரும்பினோம். மேசாவின் விளிம்பை அடைந்தபோது இருட்டிவிட்டது. எஞ்சியிருந்த கடைசி மிடற்றைப் பெரியவர் என்னிடம் நீட்டினார்.

அடுத்த ஞாயிறு திருப்பலியில் அவர் வரிசையில் வந்து நின்றார். “கிறிஸ்துவின் உடல்” என்றேன். “ஆமென்” என்று கரம் நீட்டினார். சேற்றுச் சுவரில் கண்ட அந்தச் சிறு விரல்கள் என் நினைவுக்கு வந்தன. ஒரு கணம் தாமதித்தே நற்கருணையை அவர் கையில் வைத்தேன்.