பெருவிரலைத் தூக்க முடிகிறதா?



நெடுநாளாக இப்பக்கத்தில் நான் எதுவும் எழுதவில்லை. நலம் விசாரித்து மடல் அனுப்பிய ஆசிரிய நண்பர்களுக்கும் பெற்றோர்களுக்கும் என் நன்றி. காரணம் என் இடக்கால். காலில் கோளாறு என்றால் கை எழுதலாமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எழுத மனம் வரவில்லை. அது ஏன் என்பதையும் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு ஜூலை மாதம், ஒரு திங்கட்கிழமை. சபைக்கூடல் முடிந்து ஆண்டு 1 மாணவர்களை வரிசையாக வகுப்பறைக்கு அழைத்துச் சென்றுகொண்டிருந்தேன். என் இடது காலணி சிமெண்டுத் தரையில் 'சட், சட்' என்று அறைந்தது. பின்னால் வந்த பிள்ளைகளுக்கு அது வேடிக்கை; இருவர் என்னைப் போலவே நடந்து காட்டினர். நானும் சிரித்துவிட்டேன். படியேறும்போது முன்பாதம் தட்டி இருமுறை தடுமாறியபோதுதான் சிரிப்பு நின்றது. பாதத்தின் மேற்புறம் மரத்திருந்தது. வலி மட்டும் இல்லை.

வலி இல்லாததால்தான் மூன்று வாரங்களை வீணாக்கினேன். முதலில் கோடாலித் தைலம். பிறகு, சுளுக்கு உருவும் பாட்டி ஒருவர் முழங்காலிலிருந்து கணுக்கால் வரை எண்ணெய் தேய்த்து அழுத்தி உருவினார். அதற்குப் பிறகு ஒரு கிளினிக்கில், முதுகெலும்பில்தான் கோளாறு என்றார்கள். படம் எடுத்துப் பார்த்ததில் இடுப்புப் பகுதியில் ஒரு வட்டு சற்றுப் பிதுங்கியிருந்தது. நோய் கிடைத்துவிட்டது என்று எனக்கு நிம்மதியே ஏற்பட்டது! நாற்பதைக் கடந்தவர்களில் பலருக்கு, எந்தத் தொல்லையும் தராத இத்தகைய பிதுக்கம் படத்தில் தெரியும் என்பதை நான் அப்போது அறியேன்.

மாத்திரைகளால் பயன் இல்லாமற்போகவே, அரசாங்க மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்கு அனுப்பப்பட்டேன். அங்கிருந்த மருத்துவர் படத்தை எடுத்த எடுப்பில் பார்க்கவில்லை. என்னை நடக்கச் சொன்னார். கட்டிலில் அமரவைத்துப் பாதத்தை மேல்நோக்கி மடக்கச் சொன்னார், முடியவில்லை. வெளிப்பக்கம் திருப்பச் சொன்னார், வலுவில்லை. உட்பக்கம் திருப்பச் சொல்லித் தம் கையால் தடுத்தார். அவர் கையைத் தள்ளிவிட்டேன். "முதுகில் நரம்பு வேர் நசுங்கியிருந்தால் இந்த அசைவும் வலுவிழந்திருக்கும், டீச்சர். இது பெரும்பாலும் முழங்கால்கிட்ட இருக்கிற சிக்கல்," என்றார். பிறகு முழங்காலுக்குக் கீழே வெளிப்புறத்தில் புடைத்திருக்கும் எலும்பை ஒட்டி விரலால் தட்டினார். பாதத்தின் மேற்புறம் வரை மின்சாரம் பாய்ந்ததுபோல் இருந்தது.

இடுப்பிலிருந்து இறங்கும் பெரிய நரம்பு முழங்காலுக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரிகிறது. அதில் ஒன்றான பெரோனியல் நரம்பு, கணைக்காலின் வெளிப்புற எலும்பினுடைய கழுத்தைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வருகிறது. பாதத்தையும் விரல்களையும் மேலே தூக்கும் தசைகளுக்கு அதுவே கட்டளை கொண்டு செல்கிறது. அந்த வளைவில் அதற்குப் பாதுகாப்பு மிகக் குறைவு. மேலே தோலும் சிறிது கொழுப்பும், அடியில் எலும்பு. அழுத்தம் நீடித்தால் கட்டளை அங்கேயே நின்றுவிடும், பாதம் தொங்கிவிடும்.

"அண்மையில் உடல் மெலிந்தீர்களா?" என்று கேட்டார். இனிப்பு நீர் வரும் நிலையில் இருப்பதாக எச்சரிக்கப்பட்டு, நான்கே மாதத்தில் பதினொரு கிலோ குறைத்திருந்தேன். எல்லாரும் பாராட்டினார்கள். அந்த இடத்துக் கொழுப்பும் குறைந்திருக்கும் என்று யார் நினைத்தார்கள்? போதாக்குறைக்கு, நாள்தோறும் வாசிப்பு மூலையில் பிள்ளைகளோடு சம்மணமிட்டு அமர்வேன். வீட்டில் புத்தகம் திருத்தும்போது கால்மேல் கால்.

நரம்புக் கடத்தல் சோதனையில் கணுக்காலிலும் முழங்காலுக்குக் கீழும் மேலும் சிறுசிறு மின்னதிர்வு கொடுத்தார்கள். அந்த எலும்புக் கழுத்தைக் கடக்கும் இடத்தில் மட்டும் சமிக்ஞை வலுவிழந்தது. பெரும்பகுதி நரம்பின் உறையில் ஏற்பட்ட பாதிப்புதான் என்றும், அழுத்தம் நீங்கினால் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தேறும் என்றும் விளக்கினார்கள். உள்ளிழையே அறுந்திருந்தால் அது நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளருமாம். மூன்று நான்கு மாதங்களில் முன்னேற்றம் இல்லையென்றால் அறுவை செய்து நரம்பை விடுவிப்பது பற்றி யோசிக்கலாம் என்றார்கள். எனக்கு அதற்குத் தேவை ஏற்படவில்லை. காலணிக்குள் பிளாஸ்டிக் தாங்கி, உடற்பயிற்சி சிகிச்சை, சம்மணத்துக்கும் கால்மேல் காலுக்கும் தடை, முழங்காலை அழுத்திப் பிசைவதற்கு முற்றான தடை. பத்தாவது வாரம் பாதம் அசைந்தது.

ஆனால், இவை எதுவும் என்னை எழுதவிடாமல் தடுக்கவில்லை. முதல் நாள் சோதனையின் முடிவில் அந்த மருத்துவர் கேட்ட ஒரு கேள்விதான் தடுத்தது. "பெருவிரலை மட்டும் தூக்க முடிகிறதா?"

2016-இல் என் ஆண்டு 4 வகுப்பில் ஒரு மாணவன் செம்பனைத் தோட்டத்துப் பாதையில் மிதிவண்டியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டான். முழங்காலுக்குக் கீழ்வரை மாவுக்கட்டு. நண்பர்கள் அதன்மேல் பேனாவால் எழுதித் தள்ளினர். ஒருத்தி 'விரைவில் நலம் பெருக' என்று எழுதியிருந்தாள். நான் மண்டியிட்டு, சிவப்புப் பேனாவால் 'ரு'வை அடித்து 'று' என்று திருத்தினேன். அப்போது அவன் சொன்னான்: "டீச்சர், விரலெல்லாம் மரத்துப் போச்சு. பெருவிரலத் தூக்க முடியல."

"கட்டுப் போட்டா அப்படித்தான் இருக்கும். போய் உட்காரு," என்றேன்.

வீட்டிலும் அவனுக்கு அதே பதில் கிடைத்ததாகப் பின்னர் அவன் தாயார் சொல்லி அழுதார். கட்டைப் பிரித்தபோது பாதம் தொங்கியது. கட்டின் மேல்விளிம்பு அதே எலும்புக் கழுத்தை அழுத்தியிருந்தது. மறு ஆண்டு விளையாட்டுப் போட்டியின்போது அவன் தாங்கியோடு திடலோரம் அமர்ந்து எண்களை எழுதிக்கொண்டிருந்தான். பாவம் என்று நினைத்தேனே தவிர, அவன் என்னிடம் சொன்னது என் நினைவுக்கு வரவே இல்லை. எட்டு ஆண்டு கழித்து, என் பெருவிரல் அசையாமல் கிடந்தபோதுதான் வந்தது.

ஆசிரியர்களே, பெற்றோர்களே, மாவுக்கட்டோடு இருக்கும் பிள்ளை விரல் மரத்துவிட்டது என்றாலோ, விரலைத் தூக்க முடியவில்லை என்றாலோ, வலி கூடுகிறது என்றாலோ, மறுதவணைக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். கட்டைத் தளர்த்துவதோ மாற்றுவதோ அவர்களுக்குச் சிறிய வேலை.

சென்ற மாதம் இரவுச் சந்தையில் அவனைக் கண்டேன். என்னைவிட ஒரு தலை உயரம். முகத்தைப் பார்ப்பதற்குமுன் பாதத்தைப் பார்த்தேன், நன்றாகவே நடந்தான். அப்பம் விற்கும் கடையோரம் நிறுத்தி, அன்று அவன் சொன்னதையும் நான் சொன்னதையும் கூறி மன்னிப்புக் கேட்டேன். அவனுக்கு எதுவும் நினைவில்லை.

"அப்படியா சொன்னேன்? தெரியல டீச்சர்," என்றவன் சிரித்துவிட்டான். "கட்டுமேலகூட எழுத்துப்பிழை திருத்துனீங்க. அது மட்டும் ஞாபகம் இருக்கு."