ஒரு புள்ளியில் போன பட்டம்... கையெழுத்துக்கு நீண்ட வரிசை!

உள்ளங்கையில் அடங்கும் வெள்ளி நிற பொம்மை கார். அதன் முகப்பில் சிவப்பு நிறத்தில் 722. இங்கிலாந்தின் குட்வுட் பந்தயத் திடலில் 1998 முதல் பழைய பந்தயக் கார்களுக்கான திருவிழா நடக்கிறது. அங்கே ஒருவரைப் பார்த்துவிட்டால் போதும், ரசிகர்கள் பையிலிருந்து பொம்மை காரையும் மார்க்கரையும் எடுத்துவிடுவார்கள். அவர், ஸ்டெர்லிங் மாஸ். பெயரிலேயே மாஸ்!

722 ஃபேன்ஸி நம்பர் இல்லை, காலை 7.22-க்குப் புறப்பட்ட கார் என்று அர்த்தம். 1955 மே 1, இத்தாலியின் மில்லே மிக்லியா பந்தயம். ஊர்களுக்கு நடுவே, பொதுச் சாலைகளில் சுமார் 1,600 கி.மீ. மெர்சிடீஸ் 300 எஸ்.எல்.ஆர் காரில் அதை 10 மணி 7 நிமிடம் 48 விநாடியில் முடித்தார் மாஸ். அந்தச் சாதனையைக் கடைசிவரை யாரும் முறியடிக்கவில்லை.

பக்கத்து சீட்டில் இருந்தவர் டெனிஸ் ஜென்கின்சன் என்ற பத்திரிகையாளர். வழியில் வரும் வளைவுகளையெல்லாம் முன்பே குறித்துவைத்திருந்தார். சுமார் 5 மீட்டர் நீளக் காகிதச் சுருளை உருட்டி உருட்டிப் படித்து, இன்ஜின் இரைச்சலில் கை ஜாடையாலேயே வழி சொன்னார். 1996-ல் அவர் மறைந்துவிட்டார். அதன்பின் வந்த ரசிகர்களின் 722-ல் மாஸின் கையெழுத்து மட்டும்தான்.

இத்தனைக்கும் மாஸ், ஃபார்முலா ஒன் உலக சாம்பியன் ஆனதே இல்லை. 1958-ல் போர்ச்சுகல் பந்தயத்தில், விதியை மீறியதாக அவருடைய போட்டியாளர் மைக் ஹாவ்தோர்னைத் தகுதிநீக்கம் செய்யப் பார்த்தார்கள். 'அவர் மீது தவறில்லை' என்று சாட்சி சொன்னவர், மாஸ்! ஹாவ்தோர்னின் புள்ளிகள் தப்பின. சீசன் முடிவில் ஹாவ்தோர்ன் 42, மாஸ் 41. அந்த ஆண்டு மாஸ் வென்றது 4 பந்தயங்கள்; ஹாவ்தோர்ன் ஒன்றே ஒன்று.

1962-ல் இதே குட்வுட் திடலில்தான் மாஸின் கார் விபத்துக்குள்ளானது. ஒரு மாதம் கோமா. இடது பக்கம் மாதக்கணக்கில் செயலிழந்தது. அடுத்த ஆண்டு மீண்டும் ஓட்டிப் பார்த்தார். முன்பு தன்னிச்சையாக வந்ததையெல்லாம் இப்போது யோசித்துச் செய்ய வேண்டியிருந்தது. முழுநேரப் பந்தயத்துக்கு விடை கொடுத்தார். தன் வாழ்க்கையைப் புரட்டிப்போட்ட அதே இடத்துக்குத்தான், பிற்காலத்தில் சிரித்த முகத்தோடு வந்துபோனார்.

2020 ஏப்ரல் 12-ல், 90 வயதில் மாஸ் மறைந்தார். இனி புதிதாக ஒரு கையெழுத்து கிடைக்காது. விலைக்கு வாங்கலாம்தான், ஆனால் அது அசலா, போலியா என்ற சந்தேகமும் கூடவே வரும். நேரில் வாங்கியவருக்கு அந்தக் கவலை இல்லை. அவர் கண் முன்னால் போட்ட கையெழுத்து அது.

உங்கள் வீட்டுச் சுட்டிக்கும் இந்த ஆசை இருக்கிறதா? காரின் மேல் தூசி, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்துவிடுங்கள். தண்ணீர் பட்டாலும் அழியாத மார்க்கரைக் கொடுத்தனுப்புங்கள். மை காயும்வரை தொடக் கூடாது. வெயில் படும் இடத்தில் வைத்தால் வெளுத்துவிடும்.

கூடவே, அந்த வீரரின் கதையையும் சொல்லிக்கொடுங்கள். யாருக்காக வரிசையில் நிற்கிறோம் என்று தெரிந்து நின்றால், கால் வலி தெரியாது!