சாமி தந்த ஒயர்

சென்ற ஆண்டு பங்கு இளைஞர் ஒருவர் தம் படகில் இன்வெர்ட்டர் பொருத்த வழி கேட்டு என்னிடம் வந்தார. நாள்கணக்கில் ஆழ்கடலில் தங்குவோருக்கு ஒரு மின்விசிறியும், கைப்பேசிக்கு மின்னேற்றும் வசதியும் வேண்டாமோ? பங்கு இல்லத்து இன்வெர்ட்டரை நானே இணைத்தவன் என்ற பெயர் எனக்கு உண்டு. அப்பெயரில் எனக்குச் சற்றுப் பெருமையும் உண்டு. பேட்டரியிலிருந்து ஐந்தடி தள்ளி இன்வெர்ட்டரை வைக்கவேண்டும் என்றார். அலமாரியில் மீந்து கிடந்த 2.5 சதுர மில்லிமீட்டர் வீட்டு ஒயரை எடுத்துக் கொடுத்து, "இது தாராளமாகப் போதும், தம்பி" என்றேன்.

போதவில்லை. விசிறி ஓடிற்று; கைப்பேசிகளும் இயங்கின. இரண்டாம் நாள் இரவு எவரோ தேநீருக்காக மின்கெண்டியைச் செருகவே, ஒயரின் உறை உருகிப் புகை எழுந்தது. ஒருவர் பாய்ந்து பேட்டரி முனையைக் கழற்றியிராவிடில் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணவே அஞ்சுகிறேன். வீட்டில் தீப்பிடித்தால் தெருவுக்கு ஓடலாம்; நடுக்கடலில் எங்கே ஓடுவது?

பிழை என் கணக்கில்தான். 800 வாட் கெண்டி வீட்டின் 230 வோல்ட் மின்சாரத்தில் மூன்றரை ஆம்பியரே இழுக்கும். அதே கெண்டிக்கு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 67 ஆம்பியர் வந்தாகவேண்டும். இன்வெர்ட்டரில் விரயமாவதையும் சேர்த்தால் ஏறத்தாழ 75. நான் கொடுத்த ஒயர் தாங்குவதோ சுமார் 20. பங்கு இல்லத்தில் பேட்டரிப் பக்கத்துத் தடித்த கம்பிகள் பெட்டியோடு இணைந்தே வந்தன. நான் இணைத்தது மெல்லிய பக்கத்தை மட்டுமே. அதைத்தான் வித்தை என்று எண்ணியிருந்தேன்!

பிறகு, படகு மின்வேலையில் தேர்ந்த ஒருவர் எல்லாவற்றையும் பிரித்து மீண்டும் அமைத்தார். நான் உடனிருந்து பார்த்தேன். 35 சதுர மில்லிமீட்டர் பல்லிழைச் செம்புக் கம்பி, அதுவும் உப்புக் காற்று அரிக்காதபடி வெள்ளீயம் பூசியது. பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ். "இது இன்வெர்ட்டரைக் காக்க அல்ல, சாமி; கம்பியைக் காக்க" என்றார். நான் கொடுத்த ஒயரில் ஃபியூஸே இல்லை. மின்னேறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு எழும். ஆதலின் பொறி எழக்கூடிய பெட்டியைப் பேட்டரிக்கு நேர் மேலே வைக்கலாகாது என்று பக்கத்துச் சுவரில் காற்றோட்டமாகப் பொருத்தினார். இன்வெர்ட்டருக்கெனத் தனிப் பேட்டரி. எஞ்சினைக் கிளப்பும் பேட்டரியை இரவெல்லாம் விசிறிக்கு வடித்துவிட்டால், விடியலில் கரை திரும்புவது எப்படி? மின்கசிவைத் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி.யும் வைத்தார், இன்வெர்ட்டரின் நியூட்ரல் எர்த்துடன் முறையாக இணைந்திருந்தாலன்றி அது கசிவை உணராது என்பதும் எனக்குப் புதிய பாடமே.

வேலை முடிந்த மாலையில் அந்த இளைஞரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கூச்சத்துடன் சிரித்தார். "சாமி தந்த ஒயராச்சேன்னு நான் ஒண்ணும் யோசிக்கல, சாமி" என்றார்.